டிட்டோ போடாதே

சமையலறையில் டப்பா மூடிகள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. நாலாவது மூடி திறந்ததும் முன்னறையிலிருந்து குரல் போனது.

"டேய், லேபிளைப் படிச்சுட்டுத் திற! சர்க்கரை மூணாவது டப்பா."

"மூணாவதுல உப்பு இருக்கு மேடம்."

"இடப்பக்கத்துலேர்ந்து எண்ணு."

"இடப்பக்கம்னு எங்கேயும் எழுதலையே! இதுக்கே என் ஸ்டூடண்டா இருந்தா நீங்க ரெண்டு மார்க் இழந்திருப்பீங்க."

முன்னறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் சிரித்தார். சிரிக்கும்போது உடைந்த கையைத் தாங்கிக் கழுத்திலிருந்து தொங்கிய தூளி ஆடியது. வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. அந்தக் கட்டின் மேலும் தேதி எழுதியிருந்தது. போட்ட நாள், நேரம், பிரிக்க வேண்டிய நாள். டாக்டரிடமே பேனாவை நீட்டி எழுத வைத்திருந்தார்.

நத்தைகளோடு முப்பத்தைந்து வருடம் வாழ்ந்தவர் இவர். ஏரி நத்தை, குளத்து நத்தை, அவற்றின் முட்டை, அவற்றின் ஓடு. மாணவர்கள் வைத்த பெயர் தேதி மேடம். எழுபது வயதாகிறது. வேலையிலிருந்து ஓய்வு பெற்று எட்டு வருடம் ஆகிவிட்டாலும் பழக்கம் மட்டும் ஓய்வு பெறவில்லை. பால் பாக்கெட்டில் வாங்கிய மணி, மாத்திரை அட்டையில் பிரித்த நாள், மாட்டிய பல்பின் அடியில் மாட்டிய தேதி. பக்கத்து வீட்டில் தைக்கிற டெய்லரம்மா, மேடத்துக்குக் கை உடைந்த நாளிலிருந்து காலையில் வந்து தலைவாரி விடுகிறார். அவர் சொல்வார்: "அக்கா, உங்க வீட்டு உப்புக்குக்கூட பிறந்த நாள் இருக்கு. எனக்குத்தான் எந்த வருஷம் பிறந்தேன்னே தெரியல."

பேச்சிலும் ஒரு விசித்திரம் உண்டு. தவறாக ஏதாவது சொல்லிவிட்டால் மற்றவர்களைப் போல "இல்ல இல்ல" என்று மழுப்ப மாட்டார். காற்றில் விரலால் ஒரு கோடு இழுப்பார். "டாக்டர் ஆறு வாரம்னார். அதை அடி. நாலு வாரம்னார். ஆறுன்னது நர்ஸ்." அடித்தது அடியில் தெரிய வேண்டும், அதுதான் சட்டம். அவருடைய ஆய்வகத்தில் பென்சில் கிடையாது, ரப்பர் கிடையாது. தப்பாக எழுதினால் ஒரே ஒரு கோடு. கோட்டுக்கு அடியில் தப்பு படிக்கும்படி இருக்க வேண்டும். பக்கத்தில் சரியானது, சின்னக் கையெழுத்து. "தப்பு பண்றது குத்தமில்ல. தப்பை ஒளிச்சு வைக்கிறதுதான் குத்தம்." புதிதாகச் சேர்கிற ஒவ்வொருவருக்கும் முதல் நாள் இதைச் சொல்வார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் கோயில் மணி போல ஒரு கனம் வந்துவிடும். பின்வரிசையில் இருக்கிற குறும்புக்காரன்கூட எழுந்து நிற்பான்.

கல்யாணம் ஆகவில்லை. அதைப் பற்றி யாராவது உருகினால் அவருக்குப் பிடிக்காது. "சயின்ஸைக் கட்டிக்கிட்டேன்னு மட்டும் எழுதிடாதீங்க. சினிமா வசனம் அது. யாரும் வந்து கேட்கல, அவ்வளவுதான்." தங்கை ஒருத்தி வேறு தேசத்தில் இருக்கிறாள், இவருடைய பிறந்த நாளை ஒவ்வொரு வருடமும் இரண்டு நாள் தள்ளியே நினைவு வைத்திருக்கிறாள். ஒருமுறை ராங் நம்பரில் யாரோ கூப்பிட்டார். "எந்த இலக்கத்துல தப்பு பண்ணீங்க, பாருங்க" என்று ஆரம்பித்து, அவர் எந்த ஊர், என்ன வேலை, பிள்ளைகள் எத்தனை என்று பேசி, வைக்கும்போது ஏழு நிமிடம் ஆகியிருந்தது. அந்த ஏழு நிமிடத்தையும் நாட்காட்டியில் குறித்து வைத்தார்.

நாட்காட்டியில் தவறாமல் இருக்கிற குறிப்பு இன்னொன்று. ஞாயிறு, பதினொரு மணி. அது அவசரத்தின் போன்.

அவசரம் என்பதும் மாணவர்கள் வைத்த பெயர்தான். இருபத்தாறு வயதில், படிகளை இரண்டிரண்டாகத் தாவி, பாதிச் சட்டையை உள்ளே விட்டும் பாதியை வெளியே விட்டும் ஆய்வகத்துக்குள் ஓடி வந்த பையனுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்! இன்றைக்கு அவனுக்கு ஐம்பது. ரயிலில் நாலு மணி நேரத் தூரத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் துறைத் தலைவர். அவர் உள்ளே நுழைந்தால் முப்பது பேர் எழுந்து நிற்பார்கள். ஆனால் இந்த வீட்டு வாசலைத் தாண்டியதும் அவன். சர்க்கரை டப்பா தேடுகிற அவன். எத்தனையோ மாணவர்கள் வந்தார்கள், போனார்கள். கல்யாணப் பத்திரிகை அனுப்பினார்கள், புதுவருட வாழ்த்து அனுப்பினார்கள், பிறகு ஒன்றும் அனுப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசியவன் இவன் ஒருவன்தான். பத்தே முக்காலுக்கே மேடம் முகம் கழுவி, மடிப்புக் கலையாத புடவை கட்டி உட்கார்ந்துவிடுவார். போனில் புடவை தெரியாதே என்று டெய்லரம்மா கேட்டபோது, "குரல்ல தெரியும்" என்றார்.

அந்த ஒரே ஒருவனைத்தான் இன்றைக்கு வரவழைத்திருந்தார். காரணம், போன வியாழக்கிழமை வந்த ஒரு கடிதம்.

கடிதம் எழுதியவள் அவனுடைய மாணவி. முன்பின் தெரியாத பெண். "அம்மா, நீங்களும் எங்கள் சாரும் இருபத்துநாலு வருடத்துக்கு முன்பு எழுதிய கட்டுரையை வைத்துத்தான் என் ஆராய்ச்சி. தண்ணீர் இருபத்திரண்டு டிகிரியில் இருந்தால் இந்த நத்தை முட்டையிடுவதை நிறுத்திவிடும் என்கிறது கட்டுரை. என் தொட்டிகளில் அது நிற்கவே இல்லை. மூன்று முறை செய்துவிட்டேன். என் கையில்தான் கோளாறு என்கிறார் சார். இருக்கலாம். இந்த மாதத்தோடு ஆராய்ச்சியை விட்டுவிடலாம் என்றிருக்கிறேன். விடுவதற்கு முன் ஒருமுறை உங்கள் பழைய நோட்டைப் பார்க்க முடியுமா?"

அதைப் படித்துவிட்டு மேடம் ஒரு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு ஸ்டூல் போட்டு ஏறி, பரணிலிருந்து பச்சை அட்டை நோட்டை எடுத்தார். இறங்கும்போது ஸ்டூல் சறுக்கியது. கை உடைந்தது. நோட்டை மட்டும் விடவில்லை.

அவசரம் இரண்டு கோப்பைகளோடு வந்தான். "டீ ரெடி. உப்பா சர்க்கரையான்னு குடிச்சாத்தான் தெரியும், ஆராய்ச்சி பண்ணிக்கலாம். சரி, லெட்டர் எழுதணும்னீங்களே, யாருக்கு? பென்ஷன் ஆபீசா?"

"பேப்பர் எடு. நம்ம கட்டுரை வந்த பத்திரிகையோட ஆசிரியருக்கு."

"எந்தக் கட்டுரை?"

"நத்தை. இருபத்திரண்டு டிகிரி."

பேனா மூடியைக் கழற்றப் போன கை நின்றது. "அந்தப் பொண்ணு உங்களுக்கும் எழுதிட்டாளா? மேடம், அவ கொஞ்சம் பிடிவாதம். தெர்மாமீட்டரைக் கவனமாப் பார்த்திருக்க மாட்டா. நான் பேசிக்கறேன், விடுங்க."

"மேசையில பச்சை நோட் இருக்கு. நாப்பத்தேழாம் பக்கம் பாரு."

பார்த்தான். அது அவனுடைய சொந்தக் கையெழுத்து. இருபத்தாறு வயதின் சாய்ந்த, ஓடுகிற கையெழுத்து. பன்னிரண்டு நாள், பன்னிரண்டு வரி. முதல் நாள் வெப்பநிலைக் கட்டத்தில் 26 என்று எழுதி, ஒரு கோட்டால் அடித்து, பக்கத்தில் 22 என்று திருத்திக் கையெழுத்துப் போட்டிருந்தான். அதற்குக் கீழே பதினோரு நாளும் எண்ணே இல்லை. மேலே உள்ளதேதான் என்று சொல்கிற இரண்டு சின்னக் கோடுகள், அவ்வளவுதான். டிட்டோ, டிட்டோ, டிட்டோ.

"இந்த டிட்டோ எதைச் சொல்லுது?" என்று கேட்டார் மேடம். "அடிச்ச இருபத்தாறையா, திருத்தின இருபத்திரண்டையா?"

அவன் நோட்டின் பின்னட்டையில் செருகியிருந்த வட்டத் தாளை உருவினான். தொட்டியின் வெப்பத்தைக் கருவி தானாகவே வரைந்த தாள் அது. முதல் நாள் ஹீட்டர் ஓடவில்லை. கோடு இருபத்திரண்டில் கிடந்தது. மறுநாளிலிருந்து பதினோரு நாளும் இருபத்தாறு.

மெல்ல மெல்ல அவனுக்கு எல்லாம் நினைவு வந்தது. முதல் நாள் வெப்பமானியைப் பார்க்காமலே, வழக்கம்போல 26 என்று எழுதிவிட்டு ஓடினான். அடுத்த நாட்களில் பார்த்தான், 26 இருந்தது, டிட்டோ போட்டான். பன்னிரண்டாம் நாள் வட்டத் தாளைப் பிரித்தபோது முதல் நாள் தப்பு என்று தெரிந்தது. மேடம் சொல்லிக் கொடுத்தபடியே ஒளிக்காமல் ஒரு கோடு அடித்து 22 என்று திருத்தினான். கீழே இருந்த பதினோரு டிட்டோக்களும் அந்த நொடியில் அர்த்தம் மாறிப் போனது அவனுக்கு உறைக்கவில்லை. மறுநாளே அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று ஊருக்கு ஓடினான். நோட்டிலிருந்து கம்ப்யூட்டரில் ஏற்றியவர் மேடம். திருத்திய எண்ணைத்தானே எடுக்க வேண்டும்! பன்னிரண்டு நாளுக்கும் 22 என்று ஏற்றினார்.

அவன் நேர்மையாகத் திருத்தினான், அவர் திருத்தத்தை மதித்தார். ஒருவராவது கொஞ்சம் ஒழுங்கு கெட்டவராக இருந்திருந்தால் அந்தத் தப்பு நடந்தே இருக்காது. இருபத்தாறில் நின்ற முட்டை, இருபத்திரண்டில் நின்றதாக அச்சேறிவிட்டது.

"இதை இப்ப யாரு மேடம் படிக்கிறா?" என்றான் அவன், நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "இருபத்துநாலு வருஷம்..."

"ஒருத்தி படிச்சிருக்கா. அழுதுட்டிருக்கா."

டீயில் ஆடை படிந்தது. தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். மேடம் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கட்டுரையை வைத்துத்தான் அவனுக்கு வேலை கிடைத்தது. அதன் மேல்தான் அடுத்த பத்துக் கட்டுரைகள், துறைத் தலைவர் நாற்காலி எல்லாம். இப்போது அவன் எழுந்து போய்விட்டால்? அடுத்த ஞாயிறு பதினொரு மணிக்கு இந்த அறையில் எந்தச் சத்தமும் இருக்காது. ஆனாலும் கண்ணைத் தாழ்த்தவில்லை.

அவன் பேனா மூடியைக் கழற்றினான். "சொல்லுங்க. எழுதறேன்."

மேடம் சொல்லச் சொல்ல எழுதினான். கட்டுரையின் பெயர், ஆண்டு, பக்கம். எந்த எண் தவறு, எது சரி. "இந்தப் பிழைக்கு நான் மட்டுமே பொறுப்பு" என்றார்.

"அது எப்படி? டிட்டோ போட்டது நான்."

"கம்ப்யூட்டர்ல ஏத்தினது நான்."

"பார்க்காம எழுதினது நான். சண்டைக்கு வந்தீங்கன்னா டீயில நிஜமாவே உப்புப் போடுவேன்." அவன் 'நாங்கள் இருவரும்' என்று எழுதினான். பிறகு தலையை நிமிர்த்தி, வெகு நாளைக்கு அப்புறம் பழைய அவசரம் போலச் சிரித்தான். "நாளன்னைக்குக் காலையில அந்தப் பொண்ணு முன்னாடி போய் நிக்கணும். காலேஜ்ல பேப்பர் தொலைச்ச பையன் மாதிரி நிக்கணும். நின்னுக்கறேன்."

அந்த நிமிடம் தேதி மேடத்துக்கு ஏற்பட்ட நிறைவை என்னவென்று சொல்வது! பெற்ற தாய்க்குக்கூட இப்படி ஒரு நிமிடம் கிடைக்குமோ, கிடைக்காதோ. நாற்காலியையும் பதவியையும் ஒரு கணம் எடைபோட்டுவிட்டு உண்மையின் பக்கம் வந்து உட்கார்ந்திருக்கிறான் அவர் வளர்த்த பிள்ளை. எதையும் இழக்கவில்லை, எல்லாம் மிஞ்சியிருக்கிறது. கண் கலங்கிற்று. இடது கையால் துடைத்துக்கொண்டார்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு," என்றான் அவன். "பிழை தெரிய வந்த தேதி போடணும். இல்லன்னா நீங்க லெட்டரையே செல்லாதுன்னு சொல்லிடுவீங்க. அவ லெட்டர் வந்தது எப்ப, வியாழக்கிழமையா?" பதிலுக்குக் காத்திராமலே எழுதினான். "சென்ற வியாழன். அவ்வளவுதான். கையெழுத்துப் போடுங்க."

பேப்பர் அவர் முன்னால் வந்தது.

இடது கையில் பேனா. கையெழுத்துப் போட வேண்டிய இடமும் தெரிந்தது. போட்டுவிட்டால் முடிந்தது. யாருக்கும் தெரியாது. அந்தப் பெண்ணுக்கு நியாயம் கிடைத்துவிடும், இவனும் இவருக்கு மிஞ்சுவான்.

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். விரல் காற்றில் ஒரு கோடு இழுத்தது.

"அதை அடி."

"எதை?"

"வியாழக்கிழமையை."

அவன் புருவத்தைத் தூக்கிக்கொண்டே ஒரு கோடு அடித்தான். பக்கத்தில் சின்னக் கையெழுத்துப் போட்டான். "அப்ப எந்தத் தேதி?"

அவர் தேதியைச் சொன்னார். மாதம் சொன்னார். வருடம் சொன்னார். பத்து வருடத்துக்கு முந்திய வருடம். "சாயங்காலம் நாலே கால் மணி" என்றும் சொன்னார்.

பேனா நகரவில்லை.

"வேற எதையோ தேடினேன். இந்த நோட்டுக்குள்ள வட்டத் தாள் இருந்துச்சு. பார்த்த உடனே புரிஞ்சுது. அன்னைக்கே உனக்குச் சொல்லிடணும்னு போனை எடுத்தேன். நீ முந்திக்கிட்ட. 'மேடம், நிரந்தர வேலை கிடைச்சிடுச்சு'ன்னு சொல்லி அழுத. நான் என்னத்தைச் சொல்றது? அடுத்த வாரம் சொல்லலாம்னு நினைச்சேன். அடுத்த ஞாயிறும் நீ கூப்பிட்ட."

"பத்து வருஷம்," என்றான் அவன். மெதுவாகத்தான் சொன்னான். "ஒவ்வொரு வாரமும் பேசினோம் மேடம். கத்தரிக்காய் விலைகூடச் சொன்னீங்க."

"உன்னைக் காப்பாத்தணும்னு..."

"நான் கேட்டேனா?"

அவன் நோட்டின் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எதுவோ புரிந்தது போலத் தலையைத் தூக்கினான். "டிட்டோ போடாதே. அந்த ரூல் என் காலத்துல கிடையாது. எனக்கு அப்புறம் வந்த பசங்க சொல்லித்தான் கேள்விப்பட்டேன். மேடம் கடைசி ரெண்டு வருஷம் புதுசா ஒரு சட்டம் போட்டாங்க, ஏன்னு கேட்டா சொல்ல மாட்டாங்கன்னு சிரிச்சாங்க. நான் சிரிக்கல. மேடம் சொன்னா காரணம் இருக்கும்னு என் லேப்ல எழுதி ஒட்டினேன்." அவன் அந்த டிட்டோக்கள் மேல் விரலை வைத்தான். "போன வருஷம் அந்தப் பொண்ணு டிட்டோ போட்டா. நோட்டைத் தூக்கி எறிஞ்சேன். ஏன் சார் போடக் கூடாதுன்னு கேட்டா. எங்க மேடம் சொல்லியிருக்காங்க, அவ்வளவுதான்னேன். ரூலைக் குடுத்தீங்க. காரணத்தை நீங்களே வெச்சுக்கிட்டீங்க."

"ஆமா."

"நீங்க ஒளிச்சு வெச்சதை நான் அவ தலையில போட்டு உடைச்சிருக்கேன்."

"ஆமா," என்றார் மேடம் மறுபடி. அழுதிருந்தால் அவன் இளகியிருப்பானோ என்னவோ. அழுவது அந்த நேரத்தில் இன்னொரு ஒளிப்பு என்று பட்டது போலும். கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரே இருக்கிறவன் ஐம்பது வயதுப் பையன் இல்லை. முதல் நாள் அவர் சொன்ன வாக்கியத்தை எழுத்துக்கு எழுத்து நம்பியவன். நம்பியவன் மன்னிப்பது கஷ்டம். மன்னித்தால் இவர் சொல்லிக் கொடுத்தது அவனிடம் சரியாகச் சேரவில்லை என்று அர்த்தமாகிவிடும்.

அவன் தேதியை எழுதினான். பத்து வருடத்துக்கு முந்திய தேதி, சாயங்காலம் நாலே கால் மணி. ஒன்றையும் விடவில்லை. தன் பெயரைப் போட்டான். பேப்பரை நகராமல் இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டான். மேடம் இடது கையால் கையெழுத்துப் போட்டார். ஒன்றாம் வகுப்புக் குழந்தை போட்டது போல வந்தது.

"நோட்டை எடுத்துட்டுப் போ. அவகிட்டக் குடு."

"குடுக்கறேன்."

"லெட்டரையும் அவ படிக்கட்டும். தபால்ல போடறதுக்கு முன்னாடி."

"சரி."

அவன் கோப்பைகளை எடுத்துப் போய்க் கழுவி வைத்தான். தண்ணீர் சத்தம் வெகுநேரம் கேட்டது. பிறகு நோட்டையும் கடிதத்தையும் பையில் வைத்து மூடினான். வாசலில் குனிந்து ஷூ மாட்டினான். மேடம் கதவுவரை வந்தார். ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்க அவருக்கு வாய் இல்லை.

நிமிர்ந்தபோது அவர் தோளில் தூளியின் முடிச்சு தளர்ந்து தொங்குவதைப் பார்த்தான். பையைக் கீழே வைத்தான். முகத்தைப் பார்க்காமல், பின்பக்கமாகப் போய், முடிச்சை இழுத்துப் போட்டான்.

"இறுக்கமா இருக்கா?"

"இல்ல. சரியா இருக்கு."

"போறேன் மேடம்."

போயிட்டு வரேன் என்று சொல்லவில்லை. மேடம் தலையை அசைத்தார்.

ஒற்றைக் கையால் அவர் தாழ்ப்பாளோடு போராட வேண்டாம் என்று நினைத்தானோ என்னவோ, அவனே வெளியிலிருந்து கதவை இழுத்துச் சாத்தினான். பூட்டு தானாகவே விழுந்த சத்தம் கேட்டது. நன்றாக விழுந்திருக்கிறதா என்று கதவை ஒருமுறை தள்ளிப் பார்த்தான். விழுந்திருந்தது.